கால் படாத பிரேக்

எருமை உதைத்து என் இடது முழங்காலில் தசைநார் கிழிந்த வருடம், வீட்டில் இருந்த காரை விற்றுவிட்டு ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கினேன். நான் கால்நடை மருத்துவர். உதை வாங்குவது எங்கள் வேலையோடு சேர்ந்தது. அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. காயம் ஆறிவிட்டது. ஆனால் கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் முழங்காலுக்குள் ஊசி இறங்குவது போன்ற வலி மட்டும் போகவில்லை. செலியமேட்டில் வீடு, வில்லியனூர் பக்கம் வேலை. நாள் முழுக்க ஊர் ஊராகப் போகிறவளுக்குக் கிளட்ச் இல்லாத வண்டி சொகுசு இல்லை, தேவை.

அது புது வண்டி இல்லை. புதுச்சேரி டவுனில் ஓய்வுபெற்ற ஒருவர் பத்திரமாக வைத்திருந்தது. என் கணவருக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் கரும்பும் நெல்லும் வைக்கிறவர். டிராக்டர், பைக், கார் எதுவானாலும் கியரைத் தன் கையாலோ காலாலோ போட்டு ஓட்டியே பழகியவர். வண்டியே கியர் போட்டுக்கொண்டால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவன் எதற்கு என்று கேட்டார். பின்சீட்டில் மருந்துப் பெட்டி, ரப்பர் பூட்ஸ், கன்று இழுக்கும் கயிறு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு நான் பாட்டுக்கு ஓட்டினேன். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மழைக்காலம் முடிந்து சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடந்த நேரத்தில் கோளாறு ஆரம்பித்தது. ஒரே சீரான வேகத்தில் போய்க்கொண்டிருப்பேன். ஆக்சிலரேட்டரில் வைத்த கால் அசைந்திருக்காது. திடீரென்று என்ஜின் சத்தம் ஒரு படி ஏறும். என்ஜின் சுற்றைக் காட்டும் முள் மேலே துள்ளும். வேகம் மட்டும் கூடாது. ஒரு மூச்சு விடுவதற்குள் முள் பழைய இடத்துக்கு இறங்கி வண்டி ஒழுங்காகிவிடும். சில நாள் ஒன்றுமே இருக்காது. சில நாள் பாகூரைத் தாண்டுவதற்குள்ளேயே பலமுறை துள்ளிவிடும்.

இன்னொன்றும் உண்டு. வில்லியனூரிலிருந்து மூலக்குளம் போகும்போது சங்கராபரணி ஆற்றுப் பாலத்தை விட்டு இறங்கும் சரிவில், வண்டி தானாகவே கீழ்க் கியருக்கு மாறி உறுமும். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். ஒவ்வொரு தடவையும் இல்லை. எப்போது வரும், எப்போது வராது என்று சொல்ல முடியாது.

கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கடலூர் வரை புது ரோட்டில் போய்விட்டு வந்தார். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எனக்குத் தீர்ப்பும் சொன்னார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல. நீதான் ரெண்டு காலாலயும் ஓட்டுற. இடது கால பிரேக்கு மேலயே வெச்சிக்கினு இருக்கிற, உனக்கே தெரியல."

என் இடது கால் கதவோரமாக மடங்கிக் கிடப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை என்று சொன்னேன். வலிக்கிற காலைக் கொண்டுபோய் யாராவது பிரேக் மேல் வைப்பார்களா என்றும் கேட்டேன். அவர் சரி சரி என்றார். அந்தச் சரிக்கு நம்பவில்லை என்று பொருள் என்பது திருமணமாகி இத்தனை காலத்தில் எனக்குத் தெரியாதா என்ன.

என் தொழிலில் நோயாளி பேசாது. கூட வருகிறவர்கள்தான் பேசுவார்கள். அவர்களும் மாட்டுக்கு என்ன ஆனது என்று சொல்ல மாட்டார்கள். என்ன வியாதி என்று சொல்வார்கள். வயிற்றில் பூச்சி டாக்டரம்மா, கண் பட்டுவிட்டது டாக்டரம்மா என்று முடிவைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். நான் அதை ஓரமாக வைத்துவிட்டு எப்போதிலிருந்து, தீனிக்கு முன்னா பின்னா, படுக்கும்போதா எழும்போதா என்று கேட்க ஆரம்பிப்பேன். பாதி வைத்தியம் அந்தக் கேள்விகளில் முடிந்துவிடும். என் வண்டிக்கும் அதையே செய்வது என்று முடிவு செய்தேன். என் காலில் குற்றம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே மற்றதைப் பார்க்கலாம்.

முதலில் மூலக்குளத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சென்னையில் பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகக் கடை போட்டவர். என் வயதுதான் இருக்கும். அவசரப்படாத மனிதர். கம்ப்யூட்டரை வண்டியில் மாட்டிப் பார்த்தார். கோளாறு என்று எந்தக் குறியும் வரவில்லை. கியர்பாக்ஸ் ஆயிலை எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தார். சிவப்பு மாறாமல், கருகல் வாசனை இல்லாமல் இருந்தது. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பாலத்தை விட்டு இறங்கும்போது வண்டி அவர் கண்ணெதிரிலேயே உறுமியது. என்னைத் தவிர இன்னொருவர் அதைக் கேட்டதே எனக்குப் பாதி நிம்மதி.

ஆயில் நன்றாக இருந்தாலும் கியர்பாக்ஸுக்குள் எங்கோ பிடிமானம் நழுவுகிறது என்று அவர் நினைத்தார். இறக்கித்தான் பார்க்க வேண்டும், சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும், வண்டி சில வாரம் கைக்கு வராது என்றார். அடுத்த வியாழக்கிழமை கொண்டுவந்து விடச் சொன்னார். அதுவரைக்கும் தூரமாக எங்கும் போகாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் கேட்ட சத்தத்துக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் ஒட்டவில்லை. அந்த வாரம் முழுக்க வண்டியைக் கவனித்தபடியே ஓட்டினேன். என்ஜின் சூடானால் வருகிறதா என்றால் இல்லை; விடிகாலைக் குளிரிலும் வந்தது. ஏசி போட்டால் வருகிறதா என்றால் அதுவும் இல்லை. தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினேன். அப்போது ஒரு துள்ளலும் இல்லாமல் இழுத்தது. நொண்டுகிற மாடு மேடு ஏறும்போதுதான் கூடுதலாக நொண்டும். இதுவோ பாரத்தில் ஒழுங்காக இருந்துவிட்டு, சமதரையில் சும்மா போகும்போது தடுமாறியது. அதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. புதிதாகத் தார் போட்ட இடங்களில் முள் அசையவே இல்லை. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய இடங்களில் கட்டாயம் துள்ளியது. என் கணவர் கடலூர் ரோட்டில் எதையும் பார்க்காததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கியர்பாக்ஸுக்குள் பிடிமானம் தேய்ந்திருந்தால் அதற்குப் பள்ளமும் மேடும் ஒன்றுதானே? எதுவோ ஆடுகிறது. ஆனால் எது?

மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். வயர் ஏதாவது உரசிக்கொண்டிருக்கலாம், இறக்கும்போது அதையும் பார்த்துவிடலாம் என்றார்.

புதன்கிழமை காலை உறுவையாற்றிலிருந்து போன் வந்தது. நான் பலமுறை போயிருந்த வீடு. கணவன் மனைவி இருவரும் முன்பு கூலி வேலைக்குப் போனவர்கள், இப்போது அவர் பெயின்டிங் வேலைக்குப் போகிறார், அந்த அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். சினை மாடு விடியலிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது, முன்னங்கால் இரண்டும் தெரிகிறது, தலையைக் காணவில்லை என்றார் அந்த அம்மா. காத்திருக்கக்கூடிய விஷயமில்லை.

கணவர் கரும்பு வெட்டு நடக்கும் கொல்லைக்குப் போயிருந்தார். போனில் சொன்னதும், வண்டியை எடுக்காதே, வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வாய், ஆட்டோ பிடித்துப் போ என்றார். ஆட்டோ தேடிப் பிடித்து, இத்தனை சாமானை அதில் மாற்றி ஏற்றிப் போவதற்குள் கன்று செத்துவிடும். மூட்டைகளோடு மேடு ஏறிய வண்டி உறுவையாறு வரைக்கும் போகாதா? போகும் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லிவிட்டே கிளம்பினேன்.

கரிக்கலாம்பாக்கம் தாண்டித் தோண்டிப் போட்ட சாலை ஆரம்பித்தது. முள் துள்ளத் தொடங்கியது. எனக்குப் பின்னால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. வழி விட்டேன். அது முந்திப் போய் ஓரமாக நின்றது. டிரைவர் இறங்கிவந்து கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் வண்டி நிறைய முட்டை அட்டைகள் அடுக்கியிருந்தன. மனிதர் நல்ல கோபத்தில் இருந்தார்.

"இன்னாம்மா இது, ரோட்டுல ஒண்ணுமே இல்ல, சும்மா சும்மா பிரேக் புடிச்சிக்கினு போற? நீ புடிக்கறப்பல்லாம் நானும் புடிக்கணும். பின்னால முட்டை லோடு."

நான் பிரேக்கே போடவில்லை என்றேன்.

"லைட்டு எரியுதே. நான் இன்னா குருடனா?"

என் கணவர் சொன்னதையேதான் இவரும் சொல்கிறார். ஆனால் இவர் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறார். கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள், அந்த லைட் எப்போது எப்போது எரிந்தது என்று கேட்டேன். சண்டைக்கு வந்தவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"பள்ளத்துல இறங்கி ஏறறப்பல்லாம் மினுக்கு மினுக்குன்னு எரியுது. நல்ல ரோட்டுல எரியல."

அவருக்கு நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, லைட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அங்கேயே இறங்கிப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் உறுவையாற்றில் ஒரு மாடு முக்கிக்கொண்டிருந்தது. வண்டியை எடுத்தேன்.

மாடு கொட்டகையில் படுத்துக் கிடந்தது. சோர்ந்துபோயிருந்தாலும் கண்ணில் உயிர் இருந்தது. கையைக் கழுவி எண்ணெய் தடவி உள்ளே விட்டேன். கன்றின் தலை பின்பக்கமாகத் திரும்பித் தன் விலாவின் மேல் சாய்ந்திருந்தது. வாயில் விரலை வைத்ததும் மெல்லச் சப்பியது. உயிரோடு இருக்கிறது என்று சொன்னேன். அந்த அம்மா மாட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதன் காதோடு ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். மாடு முக்குவதை நிறுத்தும் இடைவெளிக்காகக் காத்திருந்து, கன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மூக்குப் பக்கமாகக் கையைக் கொடுத்து வளைத்துத் தலையை வழிக்குக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை நழுவியது. கை மரத்துப் போயிற்று. அடுத்த கையை விட்டேன். தலை திரும்பி நேராக வந்து கால்கள் மேல் அமர்ந்ததை என் உள்ளங்கை உணர்ந்தது. அதன் பிறகு வேலை எளிது. வேலைக்குப் போகாமல் கூடவே நின்றிருந்த அந்த அம்மாவின் கணவர் கயிற்றைப் பிடிக்க, மாடு முக்கும்போது மட்டும் இழுத்தோம். பெண் கன்று. மூக்கைத் துடைத்துவிட்டு வைக்கோலால் தேய்த்ததும் தும்மியது. தாய் கழுத்தைத் திருப்பி நக்க ஆரம்பித்தது.

நஞ்சுக்கொடி விழுவதற்காகக் காத்திருந்தபோது அந்த அம்மா டீ கொடுத்தார். குடித்துக்கொண்டே யோசித்தேன். பார்க்கிங்கிலிருந்து கியர் லிவரை நகர்த்த வேண்டுமென்றால் என் வண்டியில் பிரேக்கை மிதித்தாக வேண்டும். கொஞ்ச நாளாகச் சில காலைகளில் மிதிக்காமலேயே லிவர் நகர்ந்துவந்தது. பழகப் பழக இலகுவாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேனே தவிர, யாரிடமும் சொல்லவில்லை. வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் நான் பிரேக்கை மிதித்திருக்கிறேன் என்று நம்பினால்தானே லிவரை விடும்?

பிரேக் மிதித்தால் லைட் எரிய வைக்கும் சுவிட்ச்தான் கியர்பாக்ஸுக்கும் சேதி சொல்கிறது. சீரான வேகத்தில் போகும்போது என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொள்ளும். பிரேக்கில் கால் வைத்தால் அந்தப் பூட்டு விடும். அப்போது என்ஜின் சுற்று சற்று ஏறும். சரிவில் பிரேக் பிடித்தால், ஓட்டுகிறவருக்கு உதவியாக அதுவே கீழ்க் கியருக்கு மாறும். இதெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்திலேயே மேலோட்டமாகப் போட்டிருக்கிறது. அப்படியென்றால் கியர்பாக்ஸ் நழுவவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சொன்ன பேச்சுதான் பொய்.

நஞ்சு விழுந்தது. ஊசி போட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, அந்த அம்மாவின் கணவரைக் காருக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னேன். நான் உள்ளே உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தூக்கி சீட் மேலேயே வைத்துக்கொண்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பலகையைக் கையால் தட்டினேன்.

"எரியுது டாக்டரம்மா," என்றார். மறுபடி தட்டினேன். "அமந்துடுச்சி." இன்னொரு தடவை. "எரியுது."

பிறகு காலைக் கீழே விட்டு, பிரேக் மிதிக்கு அடியில் பாதத்தின் நுனியைக் கொடுத்து அதை மேல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். லைட் அணைந்துவிட்டது என்றார். அப்படியே பிடித்துக்கொண்டு எவ்வளவு தட்டியும் எரியவில்லை. எனக்கு வேறெந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. அந்தச் சேற்றுப் புடவையோடு நேராக மூலக்குளம் போனேன்.

மெக்கானிக் மறுநாள்தானே வரச் சொன்னேன் என்பது போலப் பார்த்தார். முட்டை வண்டிக்காரர் பார்த்ததையும், உறுவையாற்றில் நான் தட்டிப் பார்த்ததையும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரை மாட்டி, பிரேக் சுவிட்ச் சொல்வதை மட்டும் திரையில் கொண்டுவந்தார். என் கால் தரையில் இருந்தது. அவர் பலகையைத் தட்டத் தட்ட, திரையில் பிரேக் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

"நான் கியர்பாக்ஸ் ஐட்டங்களையே பாத்துக்கினு இருந்தேன் மேடம். இந்தப் பக்கம் வரவே இல்ல," என்றார். எனக்கு அது நேர்மையான பேச்சாகப் பட்டது. நானும் லிவர் நகர்ந்த கதையை அவரிடம் சொல்லாமல் விட்டவள்தானே.

டார்ச்சோடு மிதிகளுக்கு மேலே தலையைக் கொடுத்துப் பார்த்தவர், சற்று நேரத்தில் வெளியே வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நொறுங்கிப்போன ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை. பிரேக் மிதியின் தண்டில் இருக்கும் ஒரு துளையில் அது பொருந்தியிருக்க வேண்டும். மிதி மேலே நிற்கும்போது சுவிட்சின் முனையை அழுத்திக்கொண்டிருப்பது அதுதான். வெயிலிலும் வயதிலும் பொரபொரத்து முக்கால் பங்கு உதிர்ந்துவிட்டது. மிச்சமிருந்த விளிம்பில் சுவிட்ச் தொற்றிக்கொண்டு நின்றது. பள்ளத்தில் வண்டி குலுங்கினால் முனை நழுவி அழுத்தம் விட்டுவிடும். பிரேக் பிடித்ததாக ஆகிவிடும். கால்மிதியடியைத் தூக்கினால் அதன் துணுக்குகள் அங்கே கிடந்தன.

அதே அளவில் ஒரு புது வில்லையைத் தேடி எடுத்துப் பொருத்தினார். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பிறகு இருவரும் பாலத்துக்குப் போனோம். இந்த முறை அவரை ஓட்டச் சொன்னேன். சரிவில் வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. அவர் அங்கேயே திருப்பி, இன்னொரு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். வியாழக்கிழமை வேலையை நோட்டிலிருந்து அடித்துவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். உடைந்த வில்லையைக் கையில் வாங்கிப் பார்த்தார். இத்தனூண்டு பிளாஸ்டிக்கா இவ்வளவு வேலை பார்த்தது என்று நம்ப மாட்டாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பியதும், தானும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது என்று பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தோண்டிப் போட்ட சாலை முழுவதும் என் வண்டியை ஒட்டியே வந்தவர், மங்கலம் ஊருக்குள் நுழைந்ததும் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

"ஒரு வாட்டிகூட எரியல. நீ கால வைக்கல, சரிதான்."

இந்தச் சரியில் நம்பிக்கை இருந்தது. அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு கரும்பு வெட்டைப் பார்க்கப் போனார். ஒரு வெள்ளாட்டுக்குக் கட்டி அறுக்க வேண்டும் என்று முதல் நாளே வில்லியனூரில் சொல்லி வைத்திருந்தார்கள். நான் வில்லியனூரைப் பார்த்து வண்டியை விட்டேன்.